கேபிள் டிவி புகார்: பேரூராட்சியா, ஆட்சியரா, நுகர்வோர் ஆணையமா?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் குடியிருக்கிறேன். ஊருக்கு ஒரே கேபிள் ஆபரேட்டர். மாதம் 300 ரூபாய் வாங்குகிறார், ரசீது கிடையாது. போன மாதம் ஒன்பது நாள் படமே வரவில்லை. அதற்கும் முழுப் பணம் வாங்கிவிட்டார். தெருக் கம்பத்திலிருந்து வரும் அவருடைய கேபிள், கேட்காமலே எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரில் கொக்கி அடித்து அடுத்த தெருவுக்குப் போகிறது. அவருடைய லோக்கல் சேனலில் 'ஏ' சான்றிதழ் படங்கள் பட்டப்பகலில் ஓடுகின்றன. எல்லாவற்றையும் எழுதிச் செயல் அலுவலரிடம் மனு கொடுத்தேன். 'கேபிள் டிவி எங்கள் அதிகார வரம்பில் இல்லை' என்று பதில் வந்திருக்கிறது. இது சரிதானா?

பதில்: பாதி சரி. நீங்கள் ஒரே மனுவில் நான்கு வழக்குகளை எழுதிவிட்டீர்கள். அதில் ஒன்றுக்கு மட்டுமே பேரூராட்சி பதில் சொல்லியாக வேண்டும். நான்கும் ஒரே தாளில் இருந்ததால், தன் பொறுப்பில் இல்லாத மூன்றைக் காட்டித் தன் பொறுப்பில் உள்ள ஒன்றையும் சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். அலுவலக நடைமுறையில் இது சகஜம். மனுக்களைப் பிரித்துப் போடுங்கள்.

பேரூராட்சிக்கு உரியது கம்பமும் சாலையும். கேபிள் தொலைக்காட்சி நெட்வொர்க்குகள் (ஒழுங்குமுறை) சட்டம், 1995இல் 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 4பி பிரிவைப் பாருங்கள். பொது அமைப்புகளின் இடத்தில் கேபிள் இழுக்கவும் கம்பம் நடவும் ஆபரேட்டருக்கு வழி தரும் அதே பிரிவு, பொது நலன் கருதி அவற்றை அகற்றவோ இடம் மாற்றவோ உத்தரவிடும் அதிகாரத்தை அந்த அமைப்புக்கும் தருகிறது. செலவு ஆபரேட்டருடையது, கெடுவைக் குறிப்பது அமைப்பு. உள்ளாட்சியும் இதில் அடங்கும் என்பதால், சாலைக்கு மேல் தாழத் தொங்கும் கேபிளுக்கு 'எங்கள் வரம்பு இல்லை' என்ற பதில் செல்லாது.

ஆனால் அந்தக் கம்பம் யாருடையது என்று முதலில் பாருங்கள். நம் ஊர்களில் தெருவிளக்கு பெரும்பாலும் மின்வாரியக் கம்பத்தில்தான் தொங்குகிறது. விளக்கு பேரூராட்சியுடையது, கம்பம் வாரியத்துடையது. அதனால்தான் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார். கம்பத்தில் பெயின்டால் எழுதிய எண் இருந்தால் குறித்துக்கொண்டு, உங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்குப் புகைப்படத்துடன் எழுதுங்கள். கேபிளைத் தாங்க இழுத்துக் கட்டும் இரும்புக் கம்பி மின்கம்பியில் உரசினால், அது போகிற வழியெல்லாம் மின்சாரம் பாயும். உங்கள் சுவர்க் கொக்கி வரைக்கும். கம்பத்தில் ஆம்ப்ளிஃபயர் அல்லது நோடு பெட்டி மாட்டியிருந்தால் அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். மீட்டர் இல்லாமல் லைனிலிருந்து நேரே எடுத்திருந்தால் மின்சாரச் சட்டம், 2003இன் 135ஆவது பிரிவின்படி அது மின் திருட்டு.

இரண்டு அலுவலகங்களும் வாய் திறக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 'இந்தக் கம்பத்தில் கேபிள் கட்ட வழங்கிய அனுமதி ஆணையின் நகல், வசூலித்த வாடகை விவரம்' என்று இரண்டே வரி கேளுங்கள். 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?' என்று கேட்காதீர்கள். அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். 30 நாளில் 'அனுமதி ஏதும் வழங்கப்படவில்லை' என்று பதில் வந்தால், அடுத்த மனுவுக்கு அதைவிட நல்ல ஆவணம் வேண்டியதில்லை.

உங்கள் மாடிச் சுவர் வேறு விஷயம். 4பி பிரிவு பொது இடங்களுக்குத்தான். தனியார் வீட்டில் உரிமையாளர் சம்மதமில்லாமல் ஆபரேட்டர் கொக்கி அடிக்க அது இடம் தரவில்லை. 15 நாள் கெடு வைத்து எழுத்தில் அறிவிப்பு கொடுங்கள். நகரவில்லை என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் செயலுறுத்துக் கட்டளை, அதாவது கொக்கியை அகற்றச் சொல்லும் உத்தரவு, கேட்டு வழக்குப் போடலாம். கோபத்தில் நீங்களே அறுத்துவிடாதீர்கள். அடுத்த தெரு முழுக்க இருண்டதும், சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக உங்கள் மீது புகார் வரும், வழக்கு தலைகீழாகிவிடும். அதற்காக வருடக்கணக்கில் சும்மாவும் இருக்கக் கூடாது: 20 ஆண்டுகள் இடையூறில்லாமல், உரிமையாகவே அனுபவித்தேன் என்று ஆபரேட்டர் வசதியுரிமை, அதாவது அடுத்தவர் சொத்தைத் தொடர்ந்து பயன்படுத்தும் உரிமை, கேட்க சட்டம் இடம் தருகிறது.

லோக்கல் சேனல் விவகாரத்தில் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம். 1995 சட்டப்படி ஆட்சியரும் கோட்டாட்சியரும், மாநகரில் காவல் ஆணையரும் 'அதிகாரம் பெற்ற அலுவலர்கள்'. எதை ஒளிபரப்பக் கூடாது என்று சொல்லும் நிகழ்ச்சி விதித்தொகுப்பை மீறும் நிகழ்ச்சியைத் தடை செய்ய 19ஆவது பிரிவும், கருவிகளைக் கைப்பற்ற 11ஆவது பிரிவும் அவர்களுக்குத் துணை. 'ஏ' சான்றிதழ் படம் கேபிளில் பகலில் மட்டுமல்ல, எந்த நேரத்திலும் கூடாது. ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு அமைக்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு இருக்கிறது. காவல் கண்காணிப்பாளர், மக்கள் தொடர்பு அலுவலர், மகளிர் கல்லூரி முதல்வர் ஒருவர் எல்லாம் அதில் உறுப்பினர்கள். குழு கூடுகிறதா என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். மனுவைக் குழுவின் பெயருக்கு எழுதாமல், 'அதிகாரம் பெற்ற அலுவலர்' என்று குறிப்பிட்டு ஆட்சியருக்கே எழுதித் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் பதிந்துகொள்ளுங்கள். தேதி, நேரம், படத்தின் பெயர், திரையைச் செல்போனில் எடுத்த வீடியோ எல்லாம் வேண்டும். இதில் நாள் தள்ளாதீர்கள்: மத்திய அரசின் 2022 வழிகாட்டு நெறிமுறைகள்படி உள்ளூர்ச் சேனல் பதிவுகளை 90 நாள்தான் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு 'அப்படி எதுவும் ஓடவில்லை' என்று சொன்னால் உங்கள் செல்போனைத் தவிர சாட்சி இல்லை.

அதே மனுவில் ஆபரேட்டரின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். முன்பு தலைமை அஞ்சலகத்தில் 500 ரூபாய் கட்டி ஆண்டுதோறும் புதுப்பித்தார்கள். 2025 ஜனவரி 17 முதல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில்தான் பதிவு. கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து ஆண்டு செல்லும். பதிவில்லாமல் நடத்துவது 3ஆவது பிரிவுக்கு விரோதம். மற்ற புகார்களுக்கு அசையாத ஆபரேட்டரும் இந்தக் கேள்விக்கு வீடு தேடி வருவார்.

மீதி இருப்பது பணம். பேரூராட்சிக்கும் ஆட்சியருக்கும் கட்டணத்தில் வேலை இல்லை. அது டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், வகுத்த விதிகளின் கீழ் வருகிறது. '130 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது' என்று இன்னமும் பலர் எழுதுகிறார்கள். நெட்வொர்க் கட்டணத்துக்கான (சேனல் விலை சேராமல், இணைப்புக்கு மட்டும் வாங்குவது) அந்த உச்சவரம்பை டிராய் 2024 ஜூலையில் எடுத்துவிட்டது. அதனால் 300 ரூபாய் என்பது மட்டும் குற்றமாகாது. ஆபரேட்டருக்குச் சிக்னல் தரும் நிறுவனம், அதாவது எம்.எஸ்.ஓ., வெளியிட்ட விலையை விடக் கூடுதலாக வாங்கினாலோ, நீங்கள் கேட்காத சேனல்களுக்கு வசூலித்தாலோதான் விதிமீறல். ரசீது தராதது எப்படிப் பார்த்தாலும் தவறு. டிராயின் 2017ஆம் ஆண்டுச் சேவைத் தர விதிமுறைகள்படி ஒவ்வொரு கட்டணத்துக்கும் ரசீது உண்டு. சிக்னலே இல்லை என்ற புகார் 24 மணி நேரத்தில் தீர வேண்டும். தொடர்ந்து 72 மணி நேரத்துக்கு மேல் சேவை நின்றால் அந்த நாள்களுக்கான பணத்தைக் கழிக்க வேண்டும். உங்கள் ஒன்பது நாள் இதில் வரும்.

புகாரை ஆபரேட்டரின் வாட்ஸ்அப்பில் போடுவதோடு நிறுத்தாதீர்கள். எம்.எஸ்.ஓ.வின் கட்டணமில்லாத் தொலைபேசியில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். செட்டாப் பாக்ஸின் அடியில் உள்ள எண்ணைச் சொன்னால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இங்கேதான் பலருக்குச் சிக்கல்: பாக்ஸ் முன்பு குடியிருந்தவர் பெயரிலோ, ஆபரேட்டரின் உறவினர் பெயரிலோ இருக்கும். முதலில் உங்கள் பெயருக்கு விண்ணப்பப் படிவம் எழுதி நகல் வாங்குங்கள். அது இல்லாமல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் 'இவர் எங்கள் வாடிக்கையாளரே இல்லை' என்பதுதான் முதல் எதிர்வாதம். பாக்ஸ் அரசு கேபிளுடையது என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் அரசு கேபிள் டிவி தனி வட்டாட்சியரிடமும் ஒரு நகல் கொடுங்கள்.

டிராய் தனிநபர் புகாரை விசாரிக்காது; தொலைத்தொடர்புத் தகராறுகளை விசாரிக்கும் டெல்லித் தீர்ப்பாயமும் உங்களுக்கான இடமில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் ஆணையக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆபரேட்டரையும் எம்.எஸ்.ஓ.வையும் சேர்த்தே எதிர்தரப்பாக்குங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் பழியை அவர் மேல் போட்டுத் தப்பித்துக்கொள்வார். ரசீது இல்லாத குறைக்கு, அடுத்த மாதத்திலிருந்து பணத்தை யுபிஐ-யில் மட்டும் அனுப்புங்கள். குறிப்பில் மாதத்தையும் பாக்ஸ் எண்ணையும் எழுதினால் வங்கிப் பதிவே ஆதாரமாகும்.