வீட்டிலேயே கற்பிக்கும் எண்ணத்தோடு ஜேர்மனிக்கு வருகிறவர்களுக்கு

எட்டு வயது மகளுக்கும் நான்கு வயது மகனுக்கும் இதுவரை கதை, களிமண், தோட்டவேலை என்று வீட்டிலேயே கற்பித்து வந்ததாகவும், கணவரின் வேலைக்காக ஸ்ருட்கார்ட்டுக்கு வந்த பிறகும் அதைத் தொடரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. கூடவே வாடகை வீடு, குளிர்கால உடை, நடன வகுப்பு என்று வேறு கேள்விகளும் இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் சொல்லப் பலர் உண்டு. முதற் கேள்விக்குத் தவறான பதில் சொல்பவர்களும் பலர் என்பதால் அதைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

தொடர முடியாது. பெற்றோர் எவ்வளவு படித்தவர்களாக இருந்தாலும், பள்ளி வயதை எட்டிய பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போயே ஆக வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம். ஜேர்மனியின் முதற் குடியரசு 1919இல் இயற்றிய வைமார் அரசியலமைப்பிலேயே இந்தக் கடமை எழுதப்பட்டுவிட்டது. இன்று ஒவ்வொரு மாநிலத்தின் பள்ளிச் சட்டமும் அதைச் சொல்கிறது. நீண்ட நோய் போன்ற மிகச் சில காரணங்களுக்கே விலக்கு உண்டு. ஊரிலுள்ள பள்ளி ஒன்றில் இணையவழியாகச் சேர்த்திருக்கிறோம் என்ற விளக்கம் இங்கே எடுபடாது. முதலில் கடிதம் வரும், பின்னர் அபராதம் வரும், அதற்கும் அசையாவிட்டால் சிறுவர் நல அலுவலகம் வரும். 2013இல் டார்ம்ஷ்டாட் நகரின் அருகே வீட்டிலேயே கற்பித்துவந்த ஒரு குடும்பத்தின் நான்கு பிள்ளைகளை அதிகாரிகள் அழைத்துச் சென்றார்கள். பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் இசைந்த பிறகே அவர்கள் வீடு திரும்பினார்கள். அந்த வழக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போனது. குடும்ப வாழ்வுக்கான உரிமை மீறப்படவில்லை என்று 2019 ஜனவரியில் தீர்ப்பு வந்தது.

'யார் வந்து பார்க்கப் போகிறார்கள்' என்று உங்களிடம் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்குக் குடிவந்த இரண்டு வாரங்களுக்குள் நகரசபையில் முகவரியைப் பதிய வேண்டும். பிள்ளைகளின் பிறந்த தேதியையும் அப்போதே நீங்கள் கொடுத்துவிடுகிறீர்கள். அந்த நபர் தன் பிள்ளைகளை எங்கே படிப்பிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். மலிவான விமானச்சீட்டுக்காக விடுமுறை தொடங்குமுன்னே பிள்ளைகளோடு கிளம்பும் பெற்றோரைப் பவேரியா மாநிலத்தில் பொலிஸார் விமான நிலையத்திலேயே விசாரித்த நாடு இது.

உங்கள் கேள்வி என்னைச் சற்றுச் சுட்டது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நாங்கள் ஈழத்திலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தஞ்சம் கோரி வந்தவர்கள். அந்நாளில் தஞ்சம் கோருவோரின் பிள்ளைகளுக்குப் பல மாநிலங்களில் பள்ளிக் கடமை இருக்கவில்லை. அனுப்பலாம், அனுப்பாமலும் விடலாம், இடம் கொடுப்பது பள்ளியின் மனத்தைப் பொறுத்தது. விடுதியில் பக்கத்து அறைக்காரர் ஜேர்மன் மொழியில் எழுதித் தந்த கடதாசியை ஒரு பள்ளித் தலைமையாசிரியரிடம் நீட்டி, மகனுக்கு ஓர் இருக்கை கேட்டு நின்றேன். அவர் அதை வாசித்து முடிக்காமலே திருப்பித் தந்தார். இன்னொரு பள்ளியில், வகுப்பில் ஒரு சொல்லும் பேசாமல் மாதக்கணக்கில் படம் மட்டுமே வரைந்துகொண்டிருந்த என் மகனை ஓர் ஆசிரியை அவசரப்படுத்தாமல் விட்டுவைத்தார். அவன் பேசத் தொடங்கியபோது எங்களைவிட நன்றாகப் பேசினான். நாங்கள் கெஞ்சி நுழைந்த கதவுக்குள் போகாமலிருக்க வழி கேட்டு ஆண்டுதோறும் யாராவது எழுதுகிறார்கள். என்ன செய்வது, காலம் அப்படி.

மாற்றுப் பள்ளிகள் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு நீங்கள் வரும் நகரம் சாதாரணமானதல்ல. வால்டோர்ஃப்-அஸ்டோரியா சிகரெட் தொழிற்சாலையின் தொழிலாளர் பிள்ளைகளுக்காக எமில் மோல்ட் என்ற முதலாளி, ருடோல்ஃப் ஷ்டைனர் என்ற ஆன்மிகச் சிந்தனையாளரைக் கொண்டு 1919இல் முதல் வால்டோர்ஃப் பள்ளியைத் தொடங்கியது ஸ்ருட்கார்ட்டில்தான். இன்றும் அவ்வகைப் பள்ளிகளில் காலைநேரத்தின் முதற் பகுதியில் ஒரே பாடத்தைச் சில வாரங்கள் தொடர்ந்து நடத்துகிறார்கள்; பின்னல், மரவேலை, ஓவியம், நாடகம் எல்லாம் கணக்குக்குச் சமமான இடத்தில் இருக்கின்றன; கீழ் வகுப்புகளில் மதிப்பெண் இல்லை. உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் எழுத்தும் வாசிப்பும் அங்கே மெதுவாகத்தான் வரும் என்பதைக் கணவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள், ஏனென்றால் இரண்டாம் வகுப்பில் பதறிப்போய்ப் பிள்ளையை மாற்றும் தந்தையர் பலரைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வருமானத்துக்கேற்ப மாதக் கட்டணம் உண்டு. பெற்றோர் கூட்டங்களுக்குப் போக வேண்டும், பள்ளி நடத்தும் சந்தைக்குக் கைவேலை செய்து கொடுக்க வேண்டும், சில இடங்களில் சுவருக்கு வர்ணமும் அடிக்க வேண்டும். இவை அனைத்தும் ஜேர்மன் மொழியில் நடக்கும். ஷ்டைனரின் ஆன்மிகக் கொள்கையையும், அவர் எழுத்துகளில் இனங்களைப் பற்றி வரும் பகுதிகளையும் படித்துவிட்டு முடிவெடுங்கள். பிள்ளை தானே பொருளைத் தேர்ந்து தன் வேகத்தில் கற்கும் மொண்டிசோரிப் பள்ளிகளும், எதைக் கற்பது என்பதில் பிள்ளைகளுக்கும் குரல் கொடுக்கும், எழுபதுகளில் தோன்றிய சுதந்திரப் பள்ளிகளும் உண்டு. இடம் கிடைப்பதுதான் பாடு.

நான்கு வயது மகனைப் பொறுத்தவரை உங்களுக்கு முழுச் சுதந்திரம் இருக்கிறது, அந்த வயதில் பள்ளிக் கடமை இல்லை. எனினும் அவனையும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். பள்ளி வயதுக்கு முந்திய பிள்ளைகளின் பாலர் பள்ளிக்கு 1840இல் கிண்டர்கார்டன் என்று பெயர் சூட்டி, மரக்கட்டைகளையும் உருண்டைகளையும் குழந்தை கையில் கொடுத்த ஃப்ரோபெல் என்ற கல்வியாளரின் நாடு இது. 1851இல் புருசிய அரசு அதையே ஆபத்தென்று தடை செய்து, 1860இல்தான் தடையை நீக்கியது. காட்டுக் கிண்டர்கார்டன் என்று ஒன்று உண்டு: கட்டடம் கிடையாது, மழையிலும் பனியிலும் பிள்ளைகள் மரங்களிடையேதான் இருப்பார்கள், கடையில் வாங்கிய விளையாட்டுப் பொருளும் பெரும்பாலும் இருக்காது. 1993இல் ஃப்ளென்ஸ்பூர்க்கில் இவ்வகையில் முதலாவதற்கு அரச அங்கீகாரம் கிடைத்தது. என் பேத்தி அப்படி ஒன்றில்தான் வளர்ந்தாள். தடிமன் பிடிக்கும் என்று உறவினர்கள் தொலைபேசியில் புலம்பியபோது, சேறு படிந்த மழைக்காற்சட்டையைத் தினமும் கழுவிக் காயப்போட்டவன் நான்.

மகள் பள்ளிக்குப் போனால் உங்கள் களிமண்ணும் கதையும் என்னாவது என்று கவலைப்பட வேண்டாம். ஆரம்பப் பள்ளிகள் பலவற்றில் மதியத்தோடு வகுப்பு முடிந்துவிடும். ஸ்ருட்கார்ட்டில் யூகெண்ட்ஃபார்ம் என்ற சிறுவர் பண்ணைகள் பல இருக்கின்றன. பிள்ளைகள் அங்கே ஆடு, குதிரைகளைப் பராமரிக்கிறார்கள், சுத்தியலும் ஆணியும் எடுத்துத் தாங்களே குடிசை கட்டுகிறார்கள். நம்மவர் பிள்ளைகளை அங்கே காண்பது அரிது. எங்கள் ஈழத்தவர்கள் மதியத்தைத் தனிவகுப்பால் நிரப்புகிறார்கள், ஏனென்றால் நான்காம் வகுப்பு முடிவில் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் கிம்னாசியம் என்ற உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளை போகாவிட்டால் நம்மவர் விழா மண்டபத்தில் தலைநிமிர்ந்து நடக்க முடியாதாம். கணினி வேலைக்கு வரும் உங்கள் தலைமுறையினர், இரண்டு ஆண்டுகளில் போய்விடுவோம் என்று சொல்லிக்கொண்டு எட்டாண்டு மொழி கற்காமல் இருந்துவிட்டு, சதுரங்கமும் அபாகஸும் ஆங்கிலத்தில் கிடைக்குமா என்று தேடுகிறார்கள். நவம்பர் 11ஆம் தேதி, புனித மார்ட்டின் நாளில், பிள்ளைகள் விளக்கேந்திப் போகும் ஊர்வலத்துக்குப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து காகித விளக்குச் செய்யும் மாலைகளில் நான் பசையோடு மல்லுக்கட்டியபடி கற்ற ஜேர்மன், எந்த மொழிவகுப்பிலும் கற்றதைவிட அதிகம்.

வருவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளை எடுத்துப் பாருங்கள். 2020 மார்ச் முதல் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கிண்டர்கார்டனில் சேர்க்கமாட்டார்கள். பள்ளி பிள்ளையை ஏற்கும், ஆனால் உங்களுக்கு 2,500 யூரோ வரை அபராதம் வரலாம். இரண்டு தவணைகளும் தேதியோடு பதிவாகியிருக்க வேண்டும். அட்டை கைப்பையில் இருக்கட்டும், சரக்குப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.