ஃபயர்வாலை மூடிய பின்பும் இணையம் வராதது ஏன்?

வணக்கம். அதே வைஃபையில் கைப்பேசி இயங்குகிறது, மடிக்கணினி மட்டும் 169.254 என்று தொடங்கும் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) காட்டுகிறது, நீங்கள் தனியாக நிறுவிய ஃபயர்வாலை (தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் மென்பொருள்) மூடினாலும் மாற்றமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது விண்டோஸ் தனக்குத்தானே வழங்கிக்கொள்ளும் முகவரி அது. கைப்பேசிக்குச் சரியாகக் கிடைப்பதால், ரூட்டரை மீட்டமைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

விண்டோஸில் முகவரி கேட்டுப் பெறும் டிஹெச்சிபி சேவையும், தளப் பெயர்களை எண்களாக மாற்றும் டிஎன்எஸ் சேவையும் எஸ்விசிஹோஸ்ட் (svchost.exe) என்னும் நிரலுக்குள்தான் ஓடுகின்றன. அறிமுகமில்லாத அந்தப் பெயரைக் கண்டு அஞ்சி, ஃபயர்வால் அனுமதி கேட்கும்போது 'தடு' என்று அழுத்திவிடுவது மிக இயல்பு. ஃபயர்வாலின் நிரல் பட்டியலில் அதைத் தேடி அனுமதியுங்கள். இந்தச் சேவைகள் பயன்படுத்தும் யுடிபி 67, 68, 53 ஆகிய போர்ட்டுகளுக்கு (தரவு சென்றுவரும் எண்ணிட்ட வாயில்கள்) தடைவிதி இருந்தால் நீக்குங்கள். பிறகு கட்டளைச் சாளரத்தில் 'ipconfig /renew' என்று கொடுங்கள்.

ஃபயர்வாலின் சாளரத்தை மூடுவது மட்டும் போதாது. தரவைச் சோதித்துத் தடுக்கும் அதன் உள்பகுதியான வடிகட்டி டிரைவர், கணினியை வைஃபையுடன் இணைக்கும் நெட்வொர்க் அடாப்டருடன் இணைந்தே இருந்து தொடர்ந்து தடுக்கக்கூடும். அனுமதித்தும் பயனில்லையென்றால், தயாரிப்பாளர் வழங்கும் நீக்குகருவியைக் கைப்பேசியில் தரவிறக்கி, கணினிக்கு மாற்றி, மென்பொருளை முழுவதுமாக அகற்றி மறுதொடக்கம் செய்யுங்கள். இணையம் வந்ததும், விண்டோஸின் சொந்த ஃபயர்வால் இயங்குகிறதா என்று தவறாமல் பாருங்கள். வேறொன்றை நிறுவும்போது அது பெரும்பாலும் அணைக்கப்பட்டிருக்கும்.