பூட்டிய வரைநோட்டும் குறைந்த புள்ளியும்

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த எங்கள் மகன், இப்போது இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்தில் பயில்கிறான். எந்நேரமும் வரைந்துகொண்டே இருப்பான். அரையாண்டுச் சோதனையில் கணிதத்திலும் வரலாற்றிலும் புள்ளிகள் மிகவும் குறைந்துவிட்டன. ஆண்டிறுதியில் நல்ல புள்ளி வாங்கினால்தான் தருவேன் என்று, என் கணவர் அவனுடைய வரைநோட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். இரண்டு மாதங்களாக அவன் வரைவதுமில்லை, படிப்பும் முன்னேறவில்லை. அவன் கடைசியாக வரைந்த பெரிப் படகின் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். நாங்கள் செய்தது தவறா?
- ஒரு தாய், பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, நோட்டுகளை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூட்டியவர் கையாலேயே, எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுப்பது நல்லது. உங்கள் கணவரின் அக்கறையில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அவனுக்கு இயல்பாக இருந்த ஒரு விருப்பம் இப்போது புள்ளிக்குக் கிடைக்கும் கூலியாக மாறியிருக்கிறது.

அப்படி மாற்றினால் என்ன ஆகும் என்பதை மார்க் லெப்பரும் சக உளவியலாளர்களும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள பாலர்பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரங்கள் கழித்து, விரும்பியதைச் செய்யலாம் என்ற நேரத்தில் கவனித்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். உங்கள் வீட்டில் நடந்தது பரிசு அன்று, பறிமுதல். எனினும் இரண்டிலும் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: வரைவது தன்னுடையது அன்று, பெரியவர்கள் தருவதும் எடுப்பதுமான பொருள்.

இனிப் புள்ளிகளைப் பார்ப்போம். வரைவதால்தான் புள்ளி குறைந்தது என்று முடிவு கட்டுமுன் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். ஆறு ஆண்டுகள் தமிழில் 'பின்னம்' என்று படித்த பிள்ளைக்கு இந்த ஆண்டு அது மலாயில் 'பெச்சாஹான்' ஆகிவிட்டது. வரலாற்றுப் பாடநூலோ பக்கம் பக்கமாக மலாய்மொழியில் இருக்கிறது. அவன் தவறாகச் செய்த கணக்குகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, கேள்வியை மட்டும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். அவற்றில் மூன்று நான்கைச் சரியாகச் செய்துவிட்டால், அவனுக்குத் தேவைப்படுவது கணிதப் பிரத்தியேக வகுப்பு அன்று, மொழி உதவி. பாடச் சொற்களை இரு மொழியிலும் எழுதிய சிறு நோட்டும், வரலாற்றில் ஒரு பத்தியைப் படித்துத் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு மலாயில் எழுதும் பழக்கமும் பெரிதும் உதவும். தமிழில் வாசித்தும் செய்ய முடியாவிட்டால் மட்டும் கணித ஆசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். வரலாற்றை அலட்சியப்படுத்த வழியில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்: மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாமல், ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்காது.

ஆறாம் ஆண்டில் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும், மூன்றாம் படிவத்தில் எழுதிய பி.டி.3 தேர்வு 2022-இலும் அகற்றப்பட்டன. வகுப்பறை மதிப்பீட்டில் ஆறு அடைவுநிலைகள் வந்துவிட்டன. ஆயினும் நம் வீடுகளில் தேர்ச்சி அறிக்கையைப் பிரித்ததும் கண் நேராகக் கணிதத்துக்கே போகிறது. கலைக்கல்விக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? எஸ்.பி.எம். தேர்விலேயே காட்சிக் கலைக்கல்வி ஒரு பாடம். அதை எல்லாப் பள்ளிகளும் நான்காம் படிவத்தில் நடத்துவதில்லை என்பதால், மகனின் பள்ளியில் உண்டா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைப்புலமும், கோலாலம்பூரில் அஸ்வாரா என்ற தேசியக் கலைக் கல்விக்கழகமும் இருக்கின்றன. கலைத்துறைப் படிப்புகளில் படைப்புத் தொகுப்பைக் கேட்பது வழக்கம். ஆகவே அவன் வரைபவற்றை நாள் குறித்து ஒரு கோப்பில் சேர்த்து வாருங்கள், சரியாக வராத படங்களையும் சேர்த்து.

ஓவிய வகுப்பில் சேர்க்க அவசரம் வேண்டாம். வர்ணம் தீட்டும் போட்டிகளுக்கு அழைத்துப் போய்க் கோப்பை வாங்க வைப்பதும் இப்போதைக்கு வேண்டாம். அது இன்னொரு புள்ளிக் கணக்காகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியில் ஏறி ஜார்ஜ்டவுனுக்குப் போங்கள். ஆர்மீனியன் தெருவில் 2012-இல் தீட்டப்பட்ட, மெய்யான மிதிவண்டியில் பிள்ளைகள் போகும் சுவரோவியத்தின் முன் எல்லோரும் படமெடுத்துக்கொள்வார்கள். அவன் ஓரமாக உட்கார்ந்து வரையட்டும், நீங்கள் பக்கத்தில் காத்திருங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தை நெடுநேரம் பார்த்தேன். பெரியின் மேற்பகுதியைச் சில கோடுகளில் முடித்துவிட்டு, கரையில் கட்டிய கயிற்றின் ஒவ்வொரு முறுக்கையும் தனித்தனியாக வரைந்திருக்கிறான். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அந்தப் பொறுமை எளிதில் வருவதன்று. நோட்டைக் கொடுக்கும்போது "அழகாயிருக்கிறது" என்று சொல்லி நிறுத்திவிடாமல், கயிற்றை மட்டும் ஏன் இவ்வளவு நுணுக்கமாக வரைந்தான் என்று உங்கள் கணவரைக் கேட்கச் சொல்லுங்கள். அவன் உடனே பதில் சொல்லாவிட்டாலும் வற்புறுத்த வேண்டாம்.