வெயிலில் நிற்கும் தண்ணீர் கேனில் பிஸ்பீனால் இறங்குமா?

மாட்டுத்தாவணிப் பக்கம் கடை வாசலில், சித்திரை வெயிலில் அடுக்கிய 20 லிட்டர் கேனிலிருந்து, சில பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள் தண்ணீரில் இறங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கேனின் அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 1 என்றிருந்தால் அது பெட் (PET) என்ற பிளாஸ்டிக். அதைப் பிஸ்பீனால் ஏ கொண்டு செய்வதில்லை. 7 என்றிருந்து, கண்ணாடிபோல விறைப்பாகவும் இருந்தால் பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அதிலிருந்து தண்ணீரில் பிஸ்பீனால் ஏ இறங்கும், சூடு ஏற ஏற, கேன் கீறல் விழுந்து பழசாக ஆக, கூடுதலாக இறங்கும்.

அளவு மிகக் குறைவுதான். ஆனாலும் உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்போல வேலை செய்யும் பொருள் இது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் இது ஒரு நாளில் உடம்புக்குள் போகலாம் என்ற வரம்பை 20,000 மடங்கு குறைத்தது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் எவர்சில்வர் குடமே வையுங்கள்.

உடம்பில் இது எவ்வளவு என்று சோதிக்க, ரத்தத்தைவிடச் சிறுநீரில்தான் தேடுவார்கள். பெரும்பகுதி ஒரே நாளில் வெளியேறிவிடுவதால், ஒரு சோதனை நேற்றைய கணக்கை மட்டுமே சொல்லும்.