லோகஸ் சீருலியஸ் அம்பு தாலமஸ் வழியாகப் போகாது

செமினார் படத்தில் லோகஸ் சீருலியஸிலிருந்து (மூளைத்தண்டில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் சிறு செல் கூட்டம்) தாலமஸ் (புலன் செய்திகளைப் புறணிக்கு அனுப்பும் நடு நிலையம்), அங்கிருந்து செவிப்புறணி (ஒலியைக் கையாளும் மூளை மேற்பரப்பு) என்று ஒரே அம்பு போட்டீர்கள், கைடு அந்த அம்பைக் கோடு போட்டு அடித்துவிட்டார் என்கிறீர்கள். சரியாகத்தான் அடித்திருக்கிறார். தாலமஸ் பாதை பிராட்வேயில் ஏறி ஸ்டாப் ஸ்டாப்பாகப் போகும் மாநகரப் பேருந்து. லோகஸ் சீருலியஸின் நார்அட்ரினலின் இழைகளோ நம்மூர் ஆடி மாத மைக் செட் மாதிரி, எங்கும் மாறாமல் நேராகப் புறணிக்கு வந்து, கிளை கிளையாகப் பிரிந்து, வழியெல்லாம் நார்அட்ரினலினைக் கசியவிட்டுக்கொண்டே போகும், அதனால்தான் மூளைத்தண்டில் சில பத்தாயிரம் செல்களே இருந்தும் புறணி முழுக்க எட்டுகிறது. தாலமஸுக்கும் தனிக் கிளை உண்டு, அதை அழித்துவிடாதீர்கள். அப்புறம், இன்னொரு நரம்பு வேதிப்பொருளான அசிட்டைல்கோலினின் அம்பை முன்மூளையின் அடியிலுள்ள நியூக்ளியஸ் பசாலிஸிலிருந்து போடுங்கள். 1998இல் கில்கார்டு, மெர்செனிக் என்ற ஆய்வாளர்கள் எலிகளில் அந்த இடத்தைத் தூண்டியபடியே ஒரு சுருதியைக் கேட்கவைத்தார்கள். செவிப்புறணியில் அந்தச் சுருதிக்கான பரப்பு பெரிதாகிவிட்டது. வைவாவில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.