கார் எதுவரை, ரயில் எங்கிருந்து?

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து பெருநகரம் சுமார் 160 கிலோமீட்டர். அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு நகரின் நடுவில் எனக்கு விசா நேர்காணல். அன்று இரவு அங்கேயே தங்கி, மறுநாள் அருங்காட்சியகம் பார்த்துவிட்டு மாலை திரும்பத் திட்டம். நான், கணவர், பத்து வயது மகள், முழங்கால் வலியுள்ள மாமியார் என நான்கு பேர். காரிலேயே நேராகப் போய்விடலாம், நாலு டிக்கெட் எடுப்பதைவிட அதுதான் மலிவு, அம்மாவுக்கும் வசதி என்கிறார் கணவர். ஊருக்கு வெளியே மெட்ரோ ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டுப் போகலாம் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

காரை வெளியே விட்டுவிட்டுப் போங்கள். குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய வேலை இருக்கிறதே, அந்த ஒரு காரணமே போதும். ஆனால் உங்கள் கணவர் சொல்லும் செலவுக் கணக்கும் அவருடைய அம்மாவின் முழங்காலும் லேசாகத் தள்ளிவிடக்கூடிய விஷயங்கள் இல்லை. அவற்றுக்கும் வருகிறேன்.

முதலில் நேரம். நெடுஞ்சாலையில் 140 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், பத்துப் பதினைந்து நிமிடம் முன்பின்னாக யாரும் சொல்லிவிடுவார்கள். நகருக்குள் போகும் கடைசி 20 கிலோமீட்டருக்கு அப்படிச் சொல்ல முடியாது. வழக்கமாக முக்கால் மணி நேரம் எடுக்கும் சாலையில் ஒரு லாரி பழுதாகி நின்றால் ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகிவிடும். அதனால் கார், ரயில் இரண்டின் சராசரி நேரத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். ஒரு மோசமான நாளில் எது எவ்வளவு தாமதமாகும் என்று பாருங்கள். ரயிலும் தாமதமாகும்தான். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு மெட்ரோ ஓடும் தடத்தில் ஒன்றைத் தவறவிட்டால் இழப்பது அந்த ஐந்து நிமிடம்தான்.

இன்னொன்றும் உண்டு. மேப் காட்டும் நேரம் கட்டடத்தின் வாசலோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பார்க்கிங் தேடும் நேரம் தனி. வாகன நிறுத்தம் பற்றியே ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். நெரிசலான நகர மையங்களில் 1927 முதல் நடந்த ஆய்வுகளை அவர் தொகுத்துப் பார்த்தார். சாலையோரத்தில் ஓர் இடம் கிடைக்கச் சராசரியாக மூன்றரை முதல் 14 நிமிடம் வரை ஆனதாக அவற்றில் பதிவாகியிருந்தது. நெரிசல் அதிகமான இடங்களில் எடுத்த கணக்குகள் அவை, எல்லாத் தெருவுக்கும் பொருந்தாது. ஆனால் நீங்கள் போவதும் அப்படிப்பட்ட இடத்துக்குத்தான், அதுவும் வேலைநாள் காலையில்.

இனி செலவு. இதில் உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. ஒருவர் போனாலும் நால்வர் போனாலும் காரின் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். டிக்கெட் அப்படியில்லை, தலைக்கு ஒன்று. தனியாகப் போகிறவருக்கு ரயில் எளிதில் லாபமாகிவிடும், நான்கு பேருக்கு அவ்வளவு எளிதில் ஆகாது. ஆனால் அவர் கணக்கில் ஒன்றைச் சேர்க்கவில்லை என்று நினைக்கிறேன். வியாழன் காலை உள்ளே போகும் கார் வெள்ளி மாலைதான் வெளியே வரும். கிட்டத்தட்ட முப்பது மணி நேரம் அது நகர மையத்தில் சும்மா நிற்கப்போகிறது, நின்ற நேரத்துக்கெல்லாம் வாடகை கொடுத்துக்கொண்டு. ஹோட்டலில் பார்க்கிங் உண்டு என்று போட்டிருந்தால், அது அறைக் கட்டணத்தில் அடக்கமா, தனிக் காசா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் நுழைவுக் கட்டணம். நகர மையத்துக்குள் கார் நுழையக் கட்டணம் வசூலிப்பதை 1975-இல் தொடங்கியது சிங்கப்பூர். லண்டனில் 2003 முதலும் ஸ்டாக்ஹோமில் 2007 முதலும் நிரந்தரமாக இருக்கிறது. நியூயார்க்கில் 2025 ஜனவரியில் வந்துவிட்டது. பழைய டீசல் வண்டிகளை மையத்துக்குள் விடாத நகரங்களும் உண்டு. பல ஊர்களில் இதையெல்லாம் கேமராதான் கவனிக்கிறது. வழியில் யாரும் நிறுத்திச் சொல்ல மாட்டார்கள், அபராதக் கடிதம் பிறகு வீட்டுக்கு வரும். நீங்கள் போகும் நகரத்தில் இப்படி ஏதாவது உண்டா என்று முன்னாலேயே பாருங்கள். இரண்டு நாளும் கார் அந்த எல்லைக்குள் ஓடினால் இரண்டு நாளுக்கும் கட்ட வேண்டியிருக்கலாம்.

இந்த மூன்றையும், அதாவது முப்பது மணி நேர பார்க்கிங், நுழைவுக் கட்டணம், நெரிசலில் எரியும் எரிபொருள், ஒரு பக்கம் எழுதுங்கள். நால்வருக்கும் போகவர டிக்கெட், ஸ்டேஷன் பார்க்கிங் இரண்டையும் மறுபக்கம் எழுதுங்கள். மகளுக்குச் சலுகை டிக்கெட் இருக்கலாம், குடும்பத்துக்கு ஒருநாள் பாஸ் இருக்கலாம். ஹோட்டலில் இலவச பார்க்கிங்கும் கிடைத்து, நுழைவுக் கட்டணமும் இல்லையென்றால், பண விஷயத்தில் உங்கள் கணவர் பக்கம்தான் சாயும். அப்போது அதை ஒப்புக்கொண்டு, நேரத்தை வைத்து மட்டும் பேசுங்கள்.

சரி, காரை எங்கே விடுவது? இதில்தான் பலர் தவறுகிறார்கள். நகரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போய் நிறுத்தப் பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் 1975-இல் கட்டணம் கொண்டுவந்தபோது, காரை விட்டுவிட்டு பஸ்ஸில் உள்ளே போகட்டும் என்று மையத்தின் ஓரங்களில் சுமார் 10,000 கார்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். அவற்றில் பெரும்பகுதி காலியாகவே கிடந்தது. அவ்வளவு தூரம் ஓட்டி வந்த பிறகு, கடைசிக் கொஞ்ச தூரத்துக்காக இறங்கி, காத்திருந்து, பஸ் மாற யாருக்கு மனம் வரும்? நெரிசலைத் தாண்டி வந்து காரை விட்டால் உங்களுக்கு மிச்சமாவது ஒன்றுமில்லை. நெரிசல் தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே விட வேண்டும்.

முடிந்தால் ரயில் தடத்தின் கடைசி ஸ்டேஷனாகத் தேர்ந்தெடுங்கள். வண்டி அங்கேதான் புறப்படும் என்பதால் காலை நெரிசலிலும் உட்கார இடம் கிடைக்கும். முழங்கால் வலியோடு அரை மணி நேரம் கம்பியைப் பிடித்து நிற்க யாராலும் முடியாது.

வேலைநாள் என்பதால் ஒரு சிக்கல் உண்டு. தினமும் வேலைக்குப் போகிறவர்களின் கார்களால் இந்த நிறுத்தங்கள் காலையிலேயே நிரம்பிவிடும். எட்டரைக்குப் போய் இடமில்லை என்றால் மொத்தத் திட்டமும் கெட்டுவிடும். முன்பதிவு வசதி இருந்தால் செய்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்து எந்த ஸ்டேஷனில் விடுவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். இரவு நிறுத்த அனுமதி உண்டா என்பது இன்னும் முக்கியம். தினசரி வந்து போகிறவர்களுக்காக மட்டுமே நடத்தும் இடங்கள் சிலவற்றில் இரவில் காரை விட முடியாது. சலுகைக் கட்டணத்துக்கும் நிபந்தனை இருக்கும். உதாரணமாக ஆம்ஸ்டர்டாமில், காரை விட்டபின் மையத்துக்குப் பொதுப் போக்குவரத்தில் போய்வந்ததற்குப் பதிவு இருந்தால்தான் குறைந்த கட்டணம். வேலைநாளில் காலை பத்து மணிக்கு முன் வந்தால் ஒரு விலை, பின் வந்தால் ஒரு விலை.

உங்கள் மாமியாரைப் பற்றி. அவருக்குக் கஷ்டம் ரயிலில் இருக்காது, ரயில் மாறும் இடத்தில்தான் இருக்கும். பெரிய ஸ்டேஷன்களில் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறப் பல நூறு மீட்டர் நடக்க வேண்டியிருக்கும், லிஃப்ட் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். ஆகவே மாறாமல் போகும் ஒரே தடம்தான் வேண்டும், அது பத்து நிமிடம் கூடுதலானாலும் சரி. ஹோட்டலுக்கு அருகிலுள்ள ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து டாக்ஸி எடுங்கள். நான்கு பேருக்கு ஒரு டாக்ஸி, சின்னத் தூரம். இந்தச் செலவைத் தயவுசெய்து மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். கணக்கு எழுதும்போதே இதையும் ரயில் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

இவ்வளவும் நீங்கள் கேட்டதற்குப் பதில். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது: தங்கும் இரவை மாற்ற முடியுமா என்று பாருங்கள். வியாழன் இரவுக்குப் பதிலாகப் புதன் இரவு தங்குங்கள். புதன் மாலை நீங்கள் உள்ளே போகும் நேரத்தில் பெரும்பாலான கூட்டம் நகரத்தை விட்டு வெளியே வந்துகொண்டிருக்கும். ஸ்டேஷன் பார்க்கிங்கிலும் காலையில் விட்ட கார்கள் கிளம்பி இடம் காலியாகியிருக்கும். வழியில் என்ன தாமதமானாலும் அது உங்கள் நேர்காணலைத் தொடாது. வியாழன் காலை ஹோட்டலிலிருந்து நீங்கள் மட்டும் ஆவணங்களை எடுத்துக்கொண்டு போங்கள். இத்தகைய அலுவலகங்கள் பலவற்றில் பைகளை உள்ளே விட மாட்டார்கள், அந்தத் தொல்லையும் இருக்காது. மற்ற மூவரும் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போகட்டும், மதியம் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம். அறையைக் காலி செய்த பிறகும் பெட்டிகளை மாலைவரை ஹோட்டலில் வைத்திருக்கச் சம்மதிப்பார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படி மாற்றினால் வெள்ளி மாலை திரும்பும் தலைவலியும் போய்விடும். வார இறுதிக்கு ஊருக்குக் கிளம்புகிற அத்தனை பேரோடும் சேர்ந்து நெடுஞ்சாலையில் ஊர்ந்து, 160 கிலோமீட்டர் ஓட்டிப் போக வேண்டியவர் உங்கள் கணவர்தான். வியாழன் என்றால் மாலை நெரிசல் தணிந்ததும் ரயில் ஏறி, காரை எடுத்துக்கொண்டு, பத்து மணிக்குள் கிளம்பிவிடலாம். அந்த நேரத்தில் ஸ்டேஷன் பார்க்கிங்கின் கேட் திறந்திருக்குமா என்று மட்டும் இன்றே ஒரு போன் செய்து கேளுங்கள்.