வாசகர் கேள்வி: மாடி மூங்கிலில் குடியேறிய கருவண்டு

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அவரைப் பந்தலுக்கு நட்ட மூங்கிலைக் கட்டைவிரல் பருமனுள்ள கருவண்டு ஒன்று துளைக்கிறது, முதுகில் மஞ்சள் சால்வை போர்த்தியது போல் இருக்கிறது. முழு மஞ்சளாக இன்னொன்று முகத்துக்கு நேரே வந்து நின்று மிரட்டுகிறது. இது பம்பிள்பீ என்கிறான் மகன். துளையில் மண்ணெண்ணெய் ஊற்றலாமா?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: ஊற்ற வேண்டாம். மகன் பாதி சரி; அது தேனீ வகைதான். ஆனால் பம்பிள்பீ இந்தியாவில் காஷ்மீர், இமாசலம், சிக்கிம் போன்ற இமயமலைக் குளிர்ப் பகுதிகளில் வாழ்வது. பெங்களூரில் அதைக் காண வழியில்லை. அதற்கு வயிறு முழுவதும் அடர்ந்த மயிர் இருக்கும். உங்கள் மூங்கிலில் இருப்பதன் வயிற்றின் மேற்பக்கத்தைப் பாருங்கள், எண்ணெய் தடவியது போல் வழவழவென்று மின்னும். அது சைலோகோப்பா என்ற பேரினத்தைச் சேர்ந்த தச்சுத் தேனீ. (பொறிவண்டையும் இதையும் ஒரே சொல்லால் வண்டு என்று அழைப்பது நம் வழக்கம், குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.)

மிரட்டும் மஞ்சள் வண்டு ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது, தன் எல்லைக்குள் வருவோரை வேவு பார்க்கிறது, அவ்வளவுதான். கொடுக்குள்ள பெண், கையில் பிடித்து நசுக்கினாலன்றிப் பெரும்பாலும் கொட்டாது. அது மரத்தைத் தின்பதுமில்லை. தாடையால் துருவிய மரத்தூளைக் குழைத்துக் குழலுக்குள் தடுப்புச் சுவர் வைத்து, ஒவ்வோர் அறையிலும் மகரந்தமும் பூந்தேனும் பிசைந்த ஓர் உருண்டையும் அதன்மேல் ஒரு முட்டையுமாக வைத்து மூடிவிடும். நீங்கள் ஊற்ற நினைத்த மண்ணெண்ணெய் அந்தக் குஞ்சுகளின் மேல்தான் விழும்.

ஒரு மூங்கிலை விட்டுக்கொடுங்கள் என்பதே என் கருத்து. பந்தலுக்கு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். கதவு நிலையைத் துளைத்துவிடுமோ என்ற கவலை இருந்தால் அதற்குப் பெயிண்ட் அடித்துவிடுங்கள், வண்ணம் பூசிய மரத்தை அது பெரும்பாலும் நாடாது. காய்ந்த மூங்கில் துண்டுகள் சிலவற்றைக் கட்டி, மழை படாத இடத்தில் கிடைமட்டமாகத் தொங்கவிட்டால் அங்கே குடியேற வாய்ப்புண்டு. துவரை, கிலுகிலுப்பை, எருக்கு ஆகியவற்றின் பூக்கள் அதற்கு மிகவும் பிடிக்கும். பூச்சிமருந்து மட்டும் கூடாது.

கேள்வி: தொட்டியில் வளரும் கத்தரிச் செடியில் பூக்கள் உதிர்கின்றன. தேனீ வளர்த்தால் காய்க்குமா?
— வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: மேலே சொன்ன கருவண்டே உங்களுக்கும் வேண்டியது. கத்தரிப் பூவின் மகரந்தப் பைகளுக்கு நுனியில் சிறு துவாரம் மட்டுமே உண்டு. மிளகுப்பொடிக் குப்பியைப் போலக் குலுக்கினால்தான் தூள் கொட்டும். தச்சுத் தேனீ பூவை இறுகப் பற்றிச் சிறகை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரவிடும்; அப்போது அதன் ரீங்காரம் சட்டென்று கூர்மையாவதைக் காதால் கேட்கலாம். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. வண்டு வராத மாடியில், மின்சாரப் பல்துலக்கியின் பின்புறத்தைக் காலை நேரத்தில் பூக்காம்பில் சில நொடிகள் வைத்துப் பாருங்கள். ஆனால் சூல்முடி (பூவின் நடுவே மகரந்தத்தை ஏற்கும் பெண் நுனி) மகரந்தப் பைகளுக்கு வெளியே நீளாமல் உள்ளே குட்டையாக ஒடுங்கியிருக்கும் பூக்கள், என்ன செய்தாலும் பெரும்பாலும் உதிரத்தான் செய்யும்.